கேட் வாசலில் உன் குரல்

என் வெள்ளைப் பருத்திச் சேலையின் தோள்பக்கம் ஒரு துருக் கறை விழுந்திருக்கிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன், கல்லுப்புப் போட்டும் தேய்த்தேன், போகவில்லை. உன் ஊக்குதான் காரணம். கல்லூரி அடையாள அட்டையைத் தொங்கவிடுகிற கழுத்துப் பட்டியில் நீ வரிசையாகக் குத்தி வைத்திருப்பாயே, அதில் ஒன்றை எடுத்து இன்று காலை என் முந்தானையில் குத்திக்கொண்டேன். மாசியில் நீ போனதிலிருந்து அந்தப் பட்டி என் துறை மேசையின் இழுப்பறைக்குள் கிடந்தது. நம் ஊர்க் கடல்காற்றுக்கு இழுப்பறை ஒரு தடையா? இரும்பு எங்கே இருந்தாலும் தேடி வந்து தின்றுவிடும். நீயானால் துரு ஏறுமுன்பே பழையதை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு அட்டை ஊக்கு வாங்கி மாட்டிவிடுவாய். "துருப்பிடிச்சத பிள்ளைக மேல குத்தக் கூடாதுளா, செப்டிக் ஆயிரும்" என்பாய். எனக்கு அந்தக் கவலை இருந்ததே இல்லை. அப்போதெல்லாம் நான் யாருக்கும் ஊக்குக் குத்தியவள் இல்லை.

நாம் இருவரும் ஒரே ஜூன் மாதத்தில் அந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். நீ விலங்கியல், நான் தமிழ். பத்தரை மணி இடைவேளையில் கேன்டீன் பின்பக்கம் வேப்பமரத்தடியில் டீ குடிக்கப் போய்த்தான் பழக்கம். நான் உடன்குடிக்காரி, அப்பாவுக்குக் கருப்பட்டிக் கடை என்று சொன்ன அன்றே எனக்குக் கருப்பட்டி என்று பெயர் வைத்துவிட்டாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது வெறும் கேலி. பிறகு என்னை நன்றாகத் தெரிந்துகொண்டபின் அதே பெயரை வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்தாய். "ஒனக்கு எல்லாருக்கும் இனிச்சுக்கிட்டே இருக்கணும், என்ன கருப்பட்டி?" என்பாய். நான் சிரித்துக்கொள்வேன். நீ சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். யாராவது ஒருவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது.

நீ அப்படி இல்லை. உன் அப்பா தோணியில் தண்டல். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் சரக்கு ஏற்றிப்போகிற தோணிக்கு அவர்தான் தலைவர். பழைய துறைமுகத்தில் நின்று அவர் ஒரு அதட்டல் போட்டால் கடைசித் தோணிக்காரன்வரை திரும்பிப் பார்ப்பானாம். அந்த அடிவயிற்றுக் குரல் அப்படியே உனக்கு வந்திருந்தது. மைக் இல்லாமல் நீ வகுப்பெடுத்தால் இரண்டு அறை தள்ளி என் வகுப்பில் தவளையின் குடல் தெளிவாகக் கேட்கும். நீ அதட்டினால் பயமாக இருக்கும், ஆனால் கோபம் இருக்காது. "எங்க அப்பா கத்துறது வேல நடக்கத்தான். கோவம் வந்தா அவரு பேசவே மாட்டாரு" என்று ஒருமுறை சொன்னாய். நீயும் கோபம் வந்தால் பேசமாட்டாய். அதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

உடை விதி வந்தது நாம் சேர்ந்து சில வருடம் கழித்து. ஆண்டுவிழாவில் நம் பிள்ளைகள் ஆடியதை யாரோ கைபேசியில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். ஆட்டத்தில் ஒரு தப்பும் கிடையாது. ஆனாலும் நிர்வாகத்தில் பெரியவர்கள் கூடிப் பேசி, பொம்பளைப் பிள்ளைகள் ஜீன்ஸும் லெகிங்ஸும் போடக்கூடாது, சுடிதாரின் ஷாலை இரண்டு தோளிலும் ஊக்குக் குத்தியிருக்க வேண்டும், பையன்கள் டீ-ஷர்ட் போடக்கூடாது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நம் கல்லூரி இருப்பது துறைமுகச் சாலை ஓரம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரிக்கொண்டு வரும்போது பெரிய ஆள் நடப்பதே சிரமம். அந்தக் காற்றில் ஷால் தோளில் நிற்க வேண்டுமாம். "இத எழுதுன ஆளுகள்ல ஒருத்தருகூட கச்சான்ல ஷால் போட்டு நடந்தவர் இல்ல" என்று நீ பலகை முன்னால் நின்றே சொன்னாய். நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சிரித்தேன்.

அதைக் கண்காணிக்கிற பொறுப்பை வணிகவியல் துறைத் தலைவர் ஏற்றுக்கொண்டார். பையன்களை அவர் பார்த்த பார்வை வேறு. தோளில் தட்டி, "என்னலே, நாளைக்கு சட்ட போட்டுட்டு வா" என்று அனுப்பிவிடுவார். பொம்பளைப் பிள்ளைகளை ஓரமாக நிறுத்துவார். காலிலிருந்து உச்சி வரைக்கும் பார்ப்பார். பைக்கில் பையன்கள் போய்க்கொண்டே இருக்கும்போது, எது இறுக்கம், எது தெரிகிறது என்று சத்தமாகச் சொல்லுவார். ஒரு முதலாமாண்டுப் பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொன்னார். அவள் திரும்பி நின்றாள். நூலக மாடி வராந்தாவில் நாம் இருவரும் நின்று அதைப் பார்த்தோம். நீ ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவர் அந்தப் பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். லெகிங்ஸ் போட்டதற்கு. அடுத்த வாரம் அவளுடைய அப்பா மாற்றுச் சான்றிதழ் கேட்டு அலுவலகத்துக்கு வந்தார். நீயும் நானும் வருகைப் பதிவுக்காக அங்கே போயிருந்தோம். அவர் சத்தம்போடவில்லை, சண்டைக்கு வரவில்லை. "கேட்லயே திருப்பி அனுப்புத அளவுக்கு அவ நடந்துக்கிட்டான்னா, இனி படிச்சு என்னத்துக்கு மேடம்? மாப்ள பாக்கோம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தன் மகளைப் பற்றிப் படித்தவர்கள் ஒன்று சொன்னால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்பிய மனிதர். கேட்டிலிருந்து திரும்புகிற ஒரு பிள்ளை பாதிநாள் வகுப்பை மட்டும் இழப்பதில்லை என்று நாம் அன்றுதான் தெரிந்துகொண்டோம்.

அன்று மத்தியானமே முதல்வரைப் பார்க்கலாம் என்றாய். இரண்டு பேரும் போவோம், இந்த விதியே வேண்டாம் என்போம், கேட்கவில்லை என்றால் பிள்ளைகளை இனி நாம் இருவரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம் என்போம், ஆண்கள் யாரும் அவர்கள் பக்கம் வரவேண்டாம் என்போம். இதுதான் பேச்சு. முதல்வர் அறை வாசலில் வணிகவியல் துறைத் தலைவரின் செருப்பு கிடந்தது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை, உனக்கும் ஆகவில்லை. "நீ முதல்ல போ, நான் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்றேன். தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். உள்ளே உன் குரல் மட்டும் கேட்டது. முதலில் நீண்ட பேச்சு, பிறகு தலைவரின் சிரிப்பு, பிறகு நீ, "அப்ப பொம்பளப் பிள்ளைகள நானே பாத்துக்கிடுதேன் சார். வேற யாரும் நிக்க வேண்டாம்." வெளியே வந்து என்னைப் பார்த்தாய். என் கையில் தம்ளர் இருந்தது. நீ அதை வாங்கி மிச்சத் தண்ணீரைக் குடித்துவிட்டு, டீ குடிக்கப் போகலாம் என்றாய். அதைப்பற்றி அப்புறம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் நீ. கேட்டிருந்தால் நானும் ஏதாவது சாக்குச் சொல்லி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

மறுநாளிலிருந்து நீ கேட்டில் நின்றாய். ஒரு நாடகம் போட்டாய், அது நாடகம் என்று அறிந்தவள் நான் ஒருத்திதான். தலைவர் தன் அறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று உனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி, துறைமுகத்துக்கே கேட்கிறமாதிரி அதட்டுவாய். "இதென்ன உடுப்பு? ஒங்க அம்மைக்கு போன் போடட்டா? நாளைக்கு இப்படி வந்தா பாரு." அதட்டிக்கொண்டே பட்டியிலிருந்து ஊக்கு எடுத்து அவள் ஷாலைத் தோளில் குத்திவிடுவாய். மறுநாளும் அவள் அப்படியே வருவாள். மறுநாளும் அதே அதட்டல், இன்னொரு ஊக்கு. நீ நின்ற அத்தனை வருடமும் ஒரு பிள்ளைகூட கேட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பவில்லை, ஒரு வீட்டுக்கும் போன் போகவில்லை. அதட்டல் கேட்டு தலைவருக்குத் திருப்தி, அவர் கொடுத்த அறிக்கையைப் பார்த்து நிர்வாகத்துக்குத் திருப்தி. பிள்ளைகள் உள்ளே வந்து படித்தார்கள். உன்னைத் திட்டிக்கொண்டே படித்தார்கள்.

நீ பெரிய புரட்சிக்காரி எல்லாம் இல்லை, அதையும் சொல்லவேண்டும். கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை, மாதா கோயிலுக்குப் போனால் தலையில் முக்காடு. மடிப்புக் கலைந்து நீ நின்று நான் பார்த்ததில்லை. ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேன், உனக்கே அந்த உடுப்புகள் பிடிக்குமா என்று. நீ யோசித்துத்தான் சொன்னாய். "எனக்கும் அந்த ஒட்டுற காலுடுப்பு பிடிக்காதுதான். ஆனா பிடிக்காதத பாக்காம இருக்க எனக்குத் தெரியும். அந்தாளுக்குத் தெரியாது." அப்புறம் உன் தாத்தாவைப் பற்றிச் சொன்னாய். அவர் சங்கு குளிக்கப் போனவர். இடுப்பில் ஒரு துண்டோடு கடலுக்குள் முங்கி எழுந்து கரைக்கு வருவாராம். "அந்தக் கரையில எத்தன பொம்பளைக நின்னுருப்பாக? எங்க தாத்தாவ ஓரமா நிக்கச் சொல்லி எவளும் கண்ணால அளந்துருக்க மாட்டா" என்று சொல்லி உடம்பு குலுங்கச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்த வேப்பமரத்தடியில் எனக்கு உன்னைவிடப் பிடித்தவர் யாரும் இல்லை. மரத்தடியை விட்டு வெளியே வந்தால்தான் நான் வேறு ஆள்.

பிள்ளைகள் உனக்கு ஊக்கு மேடம் என்று பெயர் வைத்தார்கள். இடைவேளையில் என் அறைக்கு வந்து உட்கார்ந்து உன்னைப் பற்றிப் புலம்புவார்கள். தமிழ்த் துறை என்றாலே அவர்களுக்குத் தாய்வீடு. நான் டீ வாங்கிக் கொடுப்பேன், இந்த விதியெல்லாம் அபத்தம் என்பேன், உடுப்பில் என்ன இருக்கிறது என்று பேசுவேன். பேசியது எல்லாம் நான் நம்பியதுதான். ஆனால் அதைச் சொல்லவேண்டிய இடம் அது இல்லை. முதல்வர் அறையில் சொல்லாமல் விட்டதைப் பிள்ளைகளிடம் சொல்லி, அவர்கள் கண்ணில் நல்லவள் ஆகிக்கொண்டேன். அவர்கள் உன்னைத் திட்டும்போது ஒரு வார்த்தை, 'அவங்க ஏன் நிக்காங்க தெரியுமா' என்று ஒரு வார்த்தை, என் வாயில் வரவில்லை. தலைவர் காதுக்குப் போய்விடும் என்பது ஒரு காரணம். அதை நான் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். இன்னொரு காரணம், நீ கெட்டவளாக இருந்தால்தான் நான் இனிப்பாக இருக்க முடியும்.

போன வருடம் பங்குனியில், மூன்றாமாண்டுப் பிள்ளைகளின் பிரிவுவிழா. ஆசிரியர்களும் ஏதாவது செய்யவேண்டும் என்றார்கள். எனக்குக் குரல் மாற்றிப் பேச வரும். முதல்வரைச் செய்தேன், நூலகரைச் செய்தேன், கடைசியில் கழுத்தில் ஒரு ரிப்பனைக் கட்டி அதில் ஊக்குகளைக் குத்திக்கொண்டு மேடையில் நடந்துவந்தேன். நான் வாய் திறப்பதற்கு முன்பே அரங்கம் அதிர்ந்தது. "இதென்ன உடுப்பு? ஒங்க அம்மைக்கு போன் போடட்டா?" என்று கீச்சுக் குரலில் கத்தினேன். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினார்கள். தலைவர் தொடையில் தட்டிச் சிரித்தார். நீ முன்வரிசையில் இருந்தாய். நீயும் சிரித்தாய், ஆனால் உன் ஒரு கை மட்டும் பட்டியில் இருந்த ஊக்குகளை மூடிக்கொண்டிருந்தது. அதை நான் மேடையிலிருந்தே பார்த்தேன். பார்த்துவிட்டும் இன்னொரு தடவை கத்தினேன், கைதட்டல் அப்படி.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கன்டெய்னர் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. நீ ஒவ்வொரு லாரியாகப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு, "நல்லாத்தான் செஞ்ச" என்றாய். கொஞ்சம் கழித்து, "ஏளா, என் குரல் அவ்வளவு கீச்சுன்னா இருக்கு?" என்று கேட்டாய். என் பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். கையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

அபிஷா என்று ஒரு பிள்ளை, என் துறைதான், அப்போது முதலாமாண்டு. வாய்த்துடுக்குக்காரி. நான் செய்த உன்னை அவள் செய்து காட்டுவாள், என்னைவிட நன்றாகவே செய்வாள். கீச்சுக் குரல் அப்படியே வகுப்பு வகுப்பாகப் பரவிவிட்டது. நீ கேட்டில் நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் யாராவது அந்தக் குரலில் கத்திவிட்டு ஓடுவார்கள். நீ திரும்பிப் பார்க்கமாட்டாய்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து நீ வேலைக்குத் திரும்பவில்லை. வயிற்றுவலி என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறாய், என்னிடம்கூட வாயுத்தொல்லை என்றுதான் சொன்னாய். டாக்டர்கள் பார்த்தபோது புற்று ஈரல்வரை போயிருந்தது. உன் வீட்டுக்காரர் கப்பல் வேலையை விட்டு வந்து சேர்ந்தார். உன் அக்காதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். நான் வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கு வருவேன். நீ வற்றிக்கொண்டே போனாய். குரல் மட்டும் கடைசிவரை அப்படியே இருந்தது, கனமாக.

ஒருநாள் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, "கேட்ல யாரு நிக்கா?" என்று கேட்டாய்.

"நான்தான் நிக்கேன்" என்றேன்.

நீ என்னையே பார்த்தாய். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "அப்ப சரி" என்றாய். உன் அக்கா பிறகு என்னிடம் சொன்னார், அந்த ஒரு மாதத்தில் நீ நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தானாம்.

கேட்டில் நின்றது தலைவர். நீ விடுப்பில் போன முதல்நாளே அவர் வந்து நின்றுவிட்டார். நான் அதைப் பார்க்காமல் இருக்க ஆசிரியர்களின் வண்டி போகிற பின்பக்க வழியாகப் போய்வந்துகொண்டிருந்தேன். உன்னிடம் பொய் சொன்ன மறுவாரம், அந்தப் பின்வாசலில் அபிஷா சுவரோரமாக நின்று அழுதுகொண்டிருந்தாள். அவர் அவளை வீட்டுக்குப் போகச் சொல்லியிருக்கிறார். அவள் போகாமல் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். புதிதாக வாங்கியிருந்த ஸ்கூட்டரில் ஏற்றி உள்ளே கொண்டுபோய் என் அறையில் உட்காரவைத்தேன். தண்ணீர் குடித்துவிட்டு, "ஊக்கு மேடம் எப்ப வருவாங்க?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அவங்க திட்டும்போது நம்ம மூஞ்சியத்தான் பாப்பாங்க மேடம். இவரு..." என்று நிறுத்திக்கொண்டாள்.

இத்தனை வருடம் நான் சொல்லாததை அந்தப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்துவிட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லி, மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு வந்து, 'ஏளா, ஒன்ன ஒரு பிள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு' என்று உன் காதில் போட்டிருக்கலாம். அப்படிச் சொன்னால் கேட்டில் நான் நிற்கவில்லை என்பதும் உனக்குத் தெரிந்துவிடும். அதனால் அதையும் சொல்லவில்லை. சீக்கிரம் வந்துருவாங்க என்று அபிஷாவிடம் சொன்னேன். அதற்கடுத்த வாரம் நீ போய்விட்டாய்.

வீட்டில் உனக்கு உடுத்திவிட உன் அக்கா என்னையும் உள்ளே கூப்பிட்டார். கல்யாணச் சேலைதான் கட்டவேண்டும் என்றார்கள். படுத்திருக்கிற உடம்புக்கு மடிப்பு நிற்கவில்லை, தோளில் வைக்க வைக்கச் சரிந்தது. "அவ கலஞ்சு கெடக்கக் கூடாதும்மா, ஒரு ஊக்கு குத்துங்க" என்றார் அக்கா. என்னிடம் ஏது? அவரே போய் ஆணியில் தொங்கிய உன் பட்டியை எடுத்துவந்து அதிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தார். உன் தோளில் நான் ஊக்குக் குத்தினேன். உன்மேல் பட்டுவிடுமோ என்று பயந்தேன். பட்டால் உனக்கு என்ன வலிக்கப்போகிறது, ஆனாலும் பயந்தேன். பட்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா என் கையில் திணித்தார். அடக்கத்துக்குக் கல்லூரி வேன் வந்தது, ஆசிரியர்கள் வந்தார்கள், மாலை வந்தது. பிள்ளைகளில் அபிஷாவும் அவளோடு இரண்டொரு பேரும் கோயில் சுவரோரம் நின்றார்கள். மற்றவர்களுக்கு அன்று அரைநாள் விடுமுறை.

இந்த ஜூனில் கல்லூரி திறந்ததும் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். கேட்டுக்கு ஆள் வேண்டும், ஒரு லேடி ஸ்டாஃப் நின்றால் நல்லது, இல்லையென்றால் சாரையே நிற்கச் சொல்லிவிடுகிறேன் என்றார். சார் என்பது தலைவர்தான், இப்போது துணைமுதல்வர். அவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். நான் முதலில் அன்றைக்குப் பேசாததைப் பேசினேன். விதியே வேண்டாம் சார், யாரும் நிற்க வேண்டாம், பிள்ளைகள் தங்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்றேன். முதல்வர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிர்வாகம் ஒத்துக்கொள்ளாது மேடம், நீங்கள் நிற்கிறீர்களா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். நீயும் அன்று இதேபோலத்தான் கேட்டுப் பார்த்து, இதே சுவரில் முட்டியிருப்பாய். நிற்கிறேன் என்றேன்.

வெளியே வந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது, அதுதான் இந்த மடலை எழுதவைக்கிறது. உன்னைப் பற்றிய உண்மையைப் பிள்ளைகளிடம் இனி நான் சொல்லவே முடியாது. அந்த அதட்டல் பொய் என்று ஒரு வகுப்புக்குத் தெரிந்தால் அடுத்தநாள் துணைமுதல்வருக்குத் தெரியும், அவர் கேட்டுக்கு வந்துவிடுவார். உன் பெயரைக் காப்பாற்றினால் அவர்களைக் காப்பாற்ற முடியாது. அன்று பயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று அவர்களுக்காக மூடிக்கொண்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். உனக்காவது வித்தியாசம் தெரியுமா என்று கேட்கத் தோன்றுகிறது. அப்படிக் கேட்பதும் உன்னிடம் நல்ல பெயர் வாங்கத்தான் போலிருக்கிறது.

இன்று காலை உன் பட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் நின்றேன். பிள்ளைகளுக்குப் புதிதாக ஒரு அட்டை ஊக்கு வாங்கிப் பட்டியில் குத்தியிருந்தேன், துருப்பிடித்ததை எனக்கு வைத்துக்கொண்டேன். கச்சான் சாலைப் புழுதியை எல்லாம் முகத்தில் அறைந்தது. முதலில் வந்த பிள்ளைகள் என்னைப் பார்த்து, குட் மார்னிங் மேடம் என்று சிரித்தார்கள். நான் யாருக்கோ காத்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளையின் ஷால் காற்றில் பறந்து கழுத்தோடு சுற்றிக் கிடந்தது, கீழே லெகிங்ஸ். மாடியில் துணைமுதல்வர் அறை ஜன்னல் திறந்திருந்தது. நான் அவளை நிறுத்தினேன்.

எப்படி அதட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் யாரையும் அதட்டியவள் இல்லையே நான். வாயைத் திறந்தேன். வந்தது மேடையில் செய்த அந்தக் குரல்தான். "இதென்ன உடுப்பு? ஒங்க அம்மைக்கு போன் போடட்டா?"

சுற்றி நின்ற பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒருத்தி கைதட்டினாள். நான் சிரிக்காமல் அந்தப் பிள்ளையின் தோளைப் பிடித்து ஊக்கைக் குத்தி, நாளைக்கு இப்படி வந்தால் பார் என்றேன். சிரிப்பு நின்றது. அந்தப் பிள்ளை முகம் சிவந்து உள்ளே போனாள். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் யாரும் குட் மார்னிங் சொல்லவில்லை.

கடைசியாக அபிஷா வந்தாள், மூன்றாமாண்டு இப்போது. என் கழுத்தில் கிடந்த பட்டியைப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என் முன்னால் வந்து, குத்துங்கள் என்பதுபோலத் தோளைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் குத்தும்போது மெதுவாகச் சொன்னாள்.

"மேடம், அவங்க குரல் இப்படி இருக்காதுல்லா."

இடைவேளையில் என் அறைக்கு இன்று யாரும் வரவில்லை. நான் மட்டும் வேப்பமரத்தடியில் போய் டீ குடித்தேன்.

பஸ் ஸ்டாப்பில் நீ கேட்டாயே, அதற்குப் பதில் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். இப்போது சொல்கிறேன். இல்லளா. உன் குரலில் ஒருநாளும் கீச்சு இருந்ததில்லை. உன் அப்பாவின் குரல் அது, தோணியை நகர்த்துகிற குரல். கைதட்டலுக்காக நான்தான் அதைக் கீச்சாக்கினேன். நாளைக்குக் காலையிலும் கேட்டில் அந்தக் கீச்சுதான் கேட்கும். அது என்னுடையது.